அறுபதுக்கு மேல் பந்தைத் தொடலாமா?

வாசகர் கேள்வி – பதில்

காலையில் மைதானத்துக்குப் போகும், போக நினைக்கும் மூத்த வாசகர்கள் மதுரையிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் அனுப்பிய கேள்விகள் இவை. விளையாட்டு மருத்துவமும் பிசியோதெரபியும் அறிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள். மாத்திரை அளவை மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம்.

எனக்கு வயது 64. பத்து வருடமாகத் தெப்பக்குளத்தைச் சுற்றி தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். கூட நடந்த நாலைந்து பேர் இப்போது வாலிபால் பக்கம் போய்விட்டார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். "நடக்குறது பத்தாதா, இந்த வயசுல பந்து எதுக்கு?" என்கிறார் வீட்டம்மா. யார் சொல்வது சரி?
– வாசகர், காமராசர் சாலை

நடையை விட்டுவிடாதீர்கள். ஆனால் தெப்பக்குளத்தைச் சுற்றும்போது உங்கள் கால் செய்வது ஒரே வேலைதான்: நேராக, முன்னோக்கி, ஒரே வேகத்தில் போவது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது நல்லது. கீழே விழாமல் இருக்க அது போதாது.

வயதாக ஆக, தசையில் வேகமாகச் சுருங்கும் இழைகள்தான் முதலில் மெலிகின்றன. அதனால் பலம் குறைவதற்கு முன்பே வேகம் குறைந்துவிடுகிறது. பாத்ரூமில் கால் வழுக்கும்போது காப்பாற்றுவது, சட்டென்று பக்கவாட்டில் எட்டி ஊன்றும் அந்த ஒரு எட்டு. நேர் நடையில் அந்த எட்டுக்குப் பயிற்சியே கிடையாது. இடப்பக்கம் வரும் பந்துக்கு நகர்வது, நிற்பது, திரும்புவது, பின்னால் இரண்டு எட்டு வைப்பது என்று ஓர் ஆட்டத்தில் அதை நூறு முறையாவது செய்துவிடுவீர்கள். எலும்புக்கும் பல திசையிலிருந்து விழும் சின்னச் சின்ன அதிர்வுதான் உரம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. அதோடு இரண்டு நாள் தசைப் பயிற்சி, மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நடை முதல் கணக்கைத் தீர்க்கும். மூன்றாவது கணக்கு அப்படியே கிடக்கும்.

இன்னொன்று, நடைக்குப் போகாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆறு பேர் ஆடும் இடத்தில் நீங்கள் வராவிட்டால் ஐந்தே முக்காலுக்குப் போன் வரும், "ஆள் கொறையுது, வாங்க" என்று. ரிட்டயர்டு ஆனவர்களுக்கு இந்தப் போன் ஒரு மருந்து என்றே சொல்லலாம்.

வீட்டம்மாவின் பயமும் நியாயமானதுதான். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். 60–64 வயதில் ஆண்கள் 14, பெண்கள் 12. 65–69 வயதில் ஆண்கள் 12, பெண்கள் 11. இதற்குக் கீழே இருந்தால் கால் பலம் குறைவு என்று அர்த்தம். முதலில் ஆறு வாரம் இதே எழுந்து உட்காரும் பயிற்சியை நாளுக்கு மூன்று தடவை, தடவைக்குப் பத்தாகச் செய்யுங்கள். பந்து பிறகு.

டென்னிஸ் ஆடினால் ஆயுள் பத்து வருடம் கூடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?
– வாசகர், கே.கே. நகர்

எண் பொய்யில்லை, அர்த்தம்தான் திரிந்துவிட்டது. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்தவர் சுமார் எட்டரை ஆயிரம் பேரை 25 ஆண்டு வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு அது, 2018-ல் வெளியானது. உடம்பை அசைக்காமல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடியவர்கள் சராசரியாக 9.7 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். இறகுப்பந்துக்கு 6.2, கால்பந்துக்கு 4.7, நீச்சலுக்கு 3.4, மெது ஓட்டத்துக்கு 3.2. கூடி ஆடும் ஆட்டங்கள் மேலே இருப்பது கவனிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் டென்னிஸ் ஆடுகிறவருக்குப் பணம், ஓய்வு, படிப்பு, நல்ல மருத்துவ வசதி எல்லாம் முன்பே இருந்திருக்கும். ஆய்வாளர்கள் முடிந்தவரை இதைக் கழித்துக் கணக்குப் போட்டாலும் முழுசாகக் கழிக்க முடியாது. ராக்கெட் வாங்கினால் 9.7 வருடம் வரவு வைக்கப்படும் என்று படிக்க வேண்டாம்.

எங்கள் ஊரில் 58 முதல் 70 வயது வரை பதினாலு பேர் சேர்ந்திருக்கிறோம். கண்மாய்க் கரையை ஒட்டி மண் தரை இருக்கிறது. பழைய வாலிபால் போஸ்ட்டும் நிற்கிறது. நெட்டை எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும், என்ன விதி வைக்கலாம்? இளவட்டங்கள் ஆடுவது மாதிரியே ஆடிப் பார்த்ததில் ஒரே வாரத்தில் இரண்டு பேருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.
– வாசகர், மேலூர் பக்கம்

உடம்பை விதிக்கு வளைக்கப் பார்த்தீர்கள், அதனால்தான் பிசகியது. விதியை உடம்புக்கு வளையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கால்பந்து பிறந்த இங்கிலாந்திலேயே செஸ்டர்ஃபீல்டு என்ற ஊரில் 2011-ல் ஓடக்கூடாது என்று விதி வைத்து, நடந்தே ஆடும் கால்பந்தைத் தொடங்கினார்கள். பல நாட்டுப் பெரியவர்கள் இன்று அதை ஆடுகிறார்கள்.

உங்களுக்கு முதல் விதி: குதிக்கக் கூடாது. வாலிபாலில் கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் நெட்டுக்கு அடியில்தான். எகிறி அடித்தவரோ எகிறித் தடுத்தவரோ இறங்கும்போது எதிராளியின் பாதத்தின் மேல் இறங்குகிறார். குதிப்பதை நிறுத்தினால் பாதி சிக்கல் தீர்ந்தது. நடுக்கோட்டை மிதித்தாலே பாயிண்ட் போய்விடும் என்று வைத்தால் மீதியும் தீரும்.

நெட் உயரம்: ஆண்கள் ஆட்டத்துக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. நீங்கள் 2.24-ல் கட்டுங்கள். பெரியவர்கள்தானே என்று இன்னும் இறக்கிக் கட்டுகிறார்கள், அது தப்பு. நெட் இறங்கினால் நின்ற இடத்திலிருந்தே ஓங்கி அடிக்கலாம். எதிரே இருப்பவருக்கு முகத்தைத் திருப்பக்கூட நேரம் இருக்காது. 2.24-ல் குதிக்காமல் நம் உயரத்துக்காரர்கள் அடித்து இறக்குவது கஷ்டம். பந்து மேலே எழும்பி வளைந்துதான் வரும். எதிரணிக்கு நகர ஒன்றிரண்டு நொடி கிடைக்கும், ஆட்டமும் நீளும்.

சர்வீஸ் கீழ்க்கையால் மட்டும். பந்து ஒருமுறை தரையில் குத்தி எழும்பினாலும் எடுக்கலாம் என்று வையுங்கள். பாய்ந்து விழுந்து எடுக்கும் ஆசை அதோடு போய்விடும். ஒரு பக்கம் ஒன்பதுக்கு ஒன்பது மீட்டர். பதினாலு பேர் என்றால் பக்கத்துக்கு ஏழு பேரையும் இறக்காதீர்கள். ஆறு பேர் ஆடட்டும், ஒருவர் வெளியே உட்காரட்டும், ஐந்து பாயிண்டுக்கு ஒருமுறை மாறட்டும். செட் 25 வேண்டாம், 15 போதும். இரண்டு செட்டுக்கு நடுவில் ஐந்து நிமிடம் நிழல்.

இருவர் முட்டிக்கொள்வதுதான் அடுத்த ஆபத்து. பந்து இரண்டு பேருக்கு நடுவில் வந்தால் யார் எடுப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். "மை பால்" என்று சத்தம் கொடுத்தவர் எடுக்க வேண்டும், மற்றவர் ஓர் எட்டு விலக வேண்டும். காது மந்தமானவர் இருந்தால் அவரை ஓர ஆளாக நிறுத்துங்கள். நடுவில் நின்றால் இரண்டு பக்கச் சத்தமும் அவருக்குப் பிடிபடாது.

பந்தில் காற்றைக் கல் மாதிரி அடைக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகும் அளவுக்குக் காற்றை இறக்குங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களின் முன்கை அரை மணி நேரத்தில் கன்றிச் சிவப்பது இந்தக் கல் பந்தால்தான்.

தரையில் முந்தின நாள் மாலையே தண்ணீர் தெளித்துவிடுங்கள். காலையில் தெளித்தால் சறுக்கும், தெளிக்காவிட்டால் புழுதி. போஸ்ட்டை இழுத்துக் கட்டியிருக்கும் கயிறும் முளைக்குச்சியும் பின்னால் நகர்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. கயிற்றில் சிவப்புத் துணி கட்டுங்கள், முளையின் தலையில் பழைய டியூப் துண்டைச் செருகுங்கள். வெறுங்கால் வேண்டாம். அதே சமயம், குதிகால் தடித்து மெத்தென்று இருக்கும் ஓட்டக்காரர் ஷூவும் வேண்டாம். அது நேராக ஓடச் செய்தது; பக்கவாட்டில் எட்டு வைத்தால் கவிழும். தட்டையான அடி, அகலமான முன்பாகம், இறுக்கிக் கட்டும் லேஸ் – இந்த மூன்றும் இருந்தால் சாதாரண கேன்வாஸ் ஷூவே போதும்.

வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் இரண்டு வாரம் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், இன்னும் ஆடலாம் என்று தோன்றினாலும்.

போன வாரம் ஆட்டத்தில் பின்னாலிருந்து யாரோ கெண்டைக்காலில் உதைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நொண்டிக்கொண்டுதான் வீடு வந்தேன். எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர் (61), திருநகர்

செய்யாதீர்கள். இன்றைக்கே எலும்பு டாக்டரைப் பாருங்கள். திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை என்பதே இதற்கான அடையாளம். "டப்" என்று ஒரு சத்தமும் கேட்டிருக்கலாம். கெண்டைச் சதை கிழிந்திருக்கலாம், அல்லது குதிகால் தசைநாண் (கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு கட்டும் நாண்) அறுந்திருக்கலாம். அந்தக் காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்க முடியாவிட்டால் அறுந்திருக்கும் வாய்ப்பு அதிகம். குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, வீட்டில் ஒருவரைக் கெண்டைச் சதையை மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். நல்ல காலில் பாதம் அசையும். அறுந்த காலில் அசையாது. தசைநாணை உடனே கவனித்தால், காலை அசையாமல் பிடிக்கும் பூட்ஸை மாட்டியோ தைத்தோ சரிசெய்யலாம். மாதக்கணக்கில் விட்டால் அறுந்த முனைகள் விலகிப்போய்விடும்.

உருவினால் உள்ளே கசியும் ரத்தம் கூடும். முதல் மூன்று நாள் வெந்நீர் ஒத்தடமும் கூடாது. ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு நாலைந்து தடவை வைக்கலாம். காலை உயரமாக வையுங்கள். இன்னொரு கேள்வி: சமீபத்தில் சிறுநீர்க் கிருமிக்கோ வயிற்றுக்கோ சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் மாதிரி மாத்திரை சாப்பிட்டீர்களா? இந்த வகை ஆன்டிபயாட்டிக் தசைநாணைப் பலவீனமாக்கும். அறுபது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அது அதிகம். டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த மாத்திரை ஓடும்போதும், முடிந்து சில வாரம் வரையும் ஆட்டம் வேண்டாம்.

மற்றவர்களுக்கு: கெண்டை கிழிவது பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்தில். வண்டியை ஸ்டாண்டு போட்ட கையோடு களத்தில் இறங்குகிறார்கள். பத்து நிமிடம் செலவழியுங்கள். களத்தைச் சுற்றி நாலு நிமிடம் நடை, கடைசிச் சுற்று வேகமாக. பிறகு பக்கவாட்டு நடை, பின்னோக்கி நடை, குதிகால் தூக்குவது பத்து, பாதி உட்கார்ந்து எழுவது பத்து, தோளைப் பெரிய வட்டமாகச் சுழற்றுவது. கடைசியாக இரண்டு இரண்டு பேராக நின்று மெதுவாகப் பந்தை மாற்றிக்கொள்ளுங்கள். அசையாமல் இழுத்துப் பிடித்து நிற்கும் பயிற்சி எல்லாம் ஆட்டம் முடிந்தபிறகு. வீட்டில் மாடிப்படி விளிம்பில் கைப்பிடியைப் பிடித்து நின்று, குதிகாலை இரண்டு நொடியில் தூக்கி மூன்று நொடியில் இறக்குங்கள். பதினைந்து வீதம் மூன்று தடவை, வாரம் மூன்று நாள். ஆட்டத்துக்கு முன் ஒரு மாதம் இதைச் செய்தால் கெண்டை தயாராகிவிடும்.

சர்க்கரைக்கு மாத்திரை, பி.பி.க்கு மாத்திரை இரண்டும் உண்டு. காலை ஆறு மணி ஆட்டத்துக்கு மாத்திரை போட்டுவிட்டுப் போவதா, வந்து போடுவதா?
– வாசகர், ஆரப்பாளையம்

மாத்திரையின் பேரைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை மிகவும் தாழ்வது அபூர்வம். கிளிமெபிரைடு, கிளிகிளசைடு வகை அல்லது இன்சுலின் என்றால் கவனம் வேண்டும். ஐந்தரைக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு, ஆட்டம், பிறகு டீக்கடைப் பேச்சு என்று இட்லியை ஒன்பது மணிக்குத் தள்ளிப்போடுகிறார்களே, அங்கேதான் மயங்கி விழுகிறார்கள். மாத்திரையும் டிபனும் பிரியக் கூடாது. வீட்டுக்கு வந்து டிபனோடு போடும்படி நேரத்தை மாற்றலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கிளம்பும்முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழமோ இரண்டு சிறிய இட்லியோ சாப்பிட்டு, கால் மணி கழித்துக் கிளம்புங்கள். 250-க்கு மேலே போய், தாகமும் அசதியும் இருந்தால் அன்று வேண்டாம். பையில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, பார்வை மங்கல் வந்தால் மூன்று டீஸ்பூன் அளவு தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி கழித்து மறுபடி சோதியுங்கள். பிஸ்கட் உதவாது. அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

பி.பி. மாத்திரை அட்டெனலால், மெட்டோபிரோலால் வகையாக இருந்தால் இரண்டு விஷயம். சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வை ஒன்றுதான் துப்பு. நாடித்துடிப்பையும் ஏறவிடாது என்பதால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி ஆடக் கூடாது. பேச்சை வைத்து அளவிடுங்கள்: ஒரு முழு வாக்கியம் பேச முடிந்து, பாட்டுப் பாட முடியாமல் இருந்தால் அளவு சரி. நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வெளியே வந்து உட்காருங்கள்.

ஆடிவிட்டு வந்ததும் இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கையும் விரித்துப் பாருங்கள். மரத்த காலுக்குக் கொப்புளம் வந்தது தெரியாது.

ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகிறது. இறகுப்பந்து டபுள்ஸ் ஆடலாமா?
– வாசகர், வில்லாபுரம்

உங்கள் இதய டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு எத்தனை சதவீதம்? வேறு குழாயில் அடைப்பு மீதி இருக்கிறதா? டி.எம்.டி. பரிசோதனையில் (டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்ப்பது) எவ்வளவு நேரம் தாங்கினேன்? இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தால் பலருக்கு ஆட அனுமதி கிடைக்கும்.

நடையில் மூச்சு வாங்கினால் தானாக மெதுவாகிவிடுவோம். ஆட்டத்தில் 19–19 என்று நிற்கும்போது ஒருவரும் மெதுவாவதில்லை, அதுதான் வம்பு. ஆகவே பாயிண்ட் கணக்கில் ஆடாமல் நேரக் கணக்கில் ஆடுங்கள்: பத்து நிமிடம் உள்ளே, ஐந்து நிமிடம் வெளியே. ஆடுவதற்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள். தலையில் அடிபட்டால் நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

கூட ஆடுபவர்களும் இதைப் படிக்கட்டும். நெஞ்சில் பாரம், தாடை அல்லது கை வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத்திணறல் இதில் எது வந்தாலும் ஆட்டம் நிற்க வேண்டும். "கேஸ் புடிச்சிருக்கும், ஒரு சோடா குடிங்க" என்று சொல்பவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டூவீலரில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோக வேண்டாம். சர்க்கரைக்காரருக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். மயங்கி விழுந்து, கூப்பிட்டால் அசையாமல், மூச்சும் இல்லையென்றால் மார்பின் நடுவே இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி மாற்றி அழுத்துங்கள்.

நாங்கள் ஆறு பெண்கள், 55 முதல் 66 வயது. பள்ளியில் ரிங் ஆடியவர்கள். மொட்டை மாடியில் மறுபடி ஆடலாம் என்று ஆசை. எனக்கு மட்டும் எட்டிப் பிடிக்கும்போது லேசாகச் சிறுநீர் கசிகிறது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
– வாசகி, திருமங்கலம்

ஆசையில் தப்பில்லை, மொட்டை மாடிதான் தப்பு. சிமென்ட் தரை முழங்காலுக்கு ஆகாது. தண்ணீர்க் குழாய் தடுக்கும். மேலே பார்த்தபடி பின்னால் நகரும்போது கைப்பிடிச் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ மண் தரை பாருங்கள். நீளம் 12 மீட்டர் சொச்சம், அகலம் ஐந்தரை மீட்டர் இருந்தால் போதும். நெட் 1.8 மீட்டர் என்பது விதி. யாருக்காவது தோள் வலி இருந்தால் ஒன்றரைக்கு இறக்குங்கள். ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும் என்பதைத் தளர்த்தி இரண்டு கையாலும் பிடிக்கலாம் என்று வையுங்கள். விரல் மூட்டு பிழைக்கும். சர்க்கரை உள்ள பெண்களுக்குத் தோள் இறுகிப்போவது சகஜம். கையைப் பின்னால் கொண்டுபோய் ஜாக்கெட் கொக்கி எட்டவில்லையென்றால் முதலில் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். சேலை வேண்டாம். கொசுவத்தைத் தூக்கிச் செருகினாலும், பின்னால் எட்டு வைக்கும்போது ஓரம் காலில் மாட்டும். சுடிதாரும் ஷூவும்தான் சரி.

கசிவு பிள்ளை பெற்ற பெண்களில் நிறையப் பேருக்கு உண்டு, சொல்வதில்லை, அவ்வளவுதான். சிறுநீரை அடக்குவது போல அடித்தளத் தசையை ஐந்து நொடி இறுக்கி ஐந்து நொடி தளர்த்துங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். எட்டிப் பிடிக்கும் முன் ஒரு கணம் இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள். களத்துக்குப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள், ஆனால் கசியுமே என்று தண்ணீரைக் குறைத்தால் எரிச்சலும் கிருமியும்தான் சேரும். அடியில் ஏதோ இறங்குவது போலப் பாரமாக இருந்தால் மகப்பேறு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

காலேஜ் காலத்தில் ஐவர் பூப்பந்து ஆடியவன். 67 வயதில் மறுபடி மட்டையைப் பிடிக்கிறேன். கீழே வரும் பந்து கணக்குத் தப்புகிறது, தோளும் வலிக்கிறது.
– வாசகர், அனுப்பானடி

தோளுக்குக் காரணம் எடை. இறகுப்பந்து ஐந்து கிராம் சொச்சம்தான்; ஐவர் பூப்பந்தின் மஞ்சள் கம்பளிப் பந்து 27 முதல் 30 கிராம். தலைக்கு மேலே ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு அடியும் தோள்பட்டைத் தசைநாணில் இறங்குகிறது. மூன்று மாதம் தோளுக்குக் கீழே வரும் பந்தை மட்டும் எடுங்கள். உயரப் பந்தைப் பின்வரிசை ஆளுக்கு விட்டுவிடுங்கள். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாத அளவு வலித்தால் ஆட்டத்தை நிறுத்திக் காட்டுங்கள்.

கணக்குத் தப்புவதற்குப் பெரும்பாலும் கண்ணாடிதான் காரணம். இரண்டு பவர் உள்ள கண்ணாடியோ புரோகிரசிவ்வோ போட்டால் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. அதன் வழியாகப் பார்த்தால் தரையும் தாழ்ந்த பந்தும் மங்கும், காலும் தடுக்கும். தூரப் பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி, பாலிகார்பனேட் லென்ஸில், பின்னால் பட்டி வைத்துச் செய்துகொள்ளுங்கள். கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தால் ஒரு மாதமாவது பந்து ஆட்டம் வேண்டாம்; ஆபரேஷன் செய்த டாக்டர் சரி என்ற பிறகுதான் இறங்க வேண்டும். கண் மருத்துவத்துக்குப் பேர்போன மதுரையில் இதைத் தள்ளிப்போட சாக்குக் கிடையாது.

கபடி?
– வாசகர் (69), உசிலம்பட்டி

வேண்டாம். மூச்சடக்கிப் பாடும்போது பி.பி. ஏறும். கணுக்காலைப் பிடித்து நாலு பேர் சாய்ப்பதை இடுப்பெலும்பு தாங்காது. விசிலை வாங்கிக்கொண்டு நடுவராக நில்லுங்கள். கோட்டோரமாக முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், அதுவும் உழைப்புதான்.

கத்திரி வெயிலில் ஆட்டத்தை நிறுத்திவிடலாமா? ஆட்டம் முடிந்ததும் நேராகப் பரோட்டாக் கடைக்குப் போவது எங்கள் வழக்கம். அதற்கும் ஒரு வார்த்தை.
– வாசகர், செல்லூர்

நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடியுங்கள். மாலை ஆட்டம் என்றால் ஆறுக்கு மேல். பகலெல்லாம் காய்ந்த தரை ஐந்து மணிக்கும் அனல் கக்கும். கிளம்பும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர், ஆட்டத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை முக்கால் டம்ளர். வயதானால் தாகம் தாமதமாகத்தான் தெரியும் என்பதால் தாகத்துக்குக் காத்திருக்கக் கூடாது. நீர் பிரிய மாத்திரை எடுப்பவர், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள். உளறலோ தள்ளாட்டமோ வந்தால் அது வெயில் தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அக்குளில் ஐஸ் வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தடுமாறும் ஆளின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

பரோட்டாவுக்கு: மாதம் ஒருமுறை என்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டோம். ஆட்டத்துக்குப் பிறகு தசைக்கு வேண்டியது புரதம். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 14 கிராம். சால்னாவில் அது கிடைக்காது. ஜிகர்தண்டா குடித்தால் எரித்ததை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள் என்று கணக்கு.

அப்பாவுக்கு 77. கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். பழைய வாலிபால்காரர். தினமும் களத்தோரம் வந்து உட்கார்ந்து, எங்களைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். அவரையும் சேர்க்க வழி உண்டா?
– வாசகர், சோழவந்தான்

உண்டு. உட்கார்ந்து ஆடும் வாலிபால் என்று பாராலிம்பிக்கிலேயே ஓர் ஆட்டம் இருக்கிறது. களம் பத்துக்கு ஆறு மீட்டர், ஆண்களுக்கு நெட் 1.15 மீட்டர். அவர்கள் தரையில் உட்கார்ந்து ஆடுகிறார்கள். உங்கள் அப்பா வயதில் நாற்காலி போட்டு ஆடலாம். நெட்டுக்குப் பதில் ஒரு கயிறு, உட்கார்ந்தவர் தலைக்கு ஒரு சாண் மேலே. பக்கத்துக்கு மூன்று பேர். காற்றடைத்த பெரிய பீச் பந்து. அது மெதுவாக வரும், பட்டாலும் வலிக்காது. பிளாஸ்டிக் நாற்காலி சறுக்கும், கால் விரியும். கைப்பிடி உள்ள இரும்பு அல்லது மர நாற்காலியை மண் தரையில் போடுங்கள். பந்துக்காக யாரும் இருக்கையை விட்டு எழக் கூடாது. வெளியே போன பந்தை எடுத்துக் கொடுக்க ஒரு பேரனை நிறுத்துங்கள்.

இதற்கு முன் ஒன்று கற்றுக்கொடுங்கள்: விழுந்தால் எழுவது எப்படி என்று. பாயை விரித்து, பக்கத்தில் கனமான நாற்காலியை வைத்து, நீங்கள் அருகில் இருந்தபடி. விழுந்ததும் அவசரப்பட்டு எழ வேண்டாம். எங்கே வலிக்கிறது என்று கவனிக்கட்டும். இடுப்பு, தொடை வலித்தால் அப்படியே கிடந்து சத்தம் கொடுக்கட்டும். வலி இல்லையென்றால் ஒருபக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, இரண்டு கையும் இரண்டு முழங்காலும் தரையில் படும்படி வந்து, நாற்காலி வரை தவழட்டும். இரண்டு கையையும் இருக்கையில் ஊன்றி, பலமான காலின் பாதத்தை முன்னால் தரையில் பதித்து, அந்தக் காலைக் கொண்டு எழும்பி, அப்படியே திரும்பி உட்காரட்டும். வாரம் இரண்டு முறை. முதல் நாளே அவர் உங்களைத் திட்டுவார், விடாதீர்கள்.